பாப்பாவின் பேஸ் பெட்டி

பாப்பாவுக்கு வயது நாற்பத்தேழு. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கப் போகிற வயதிலும் அவள் பாப்பாதான். சின்ன வயதில் அண்ணன் அப்படிக் கூப்பிட்டான், கல்யாணமாகி வந்த அண்ணியும் அப்படியே கூப்பிட்டாள், பிறகு அண்ணன் ஆரம்பித்த பாட்டுக் குழுவில் எல்லார் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. பகலில் அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து உருவி, உதறி, சூடான உருளைகளுக்கு நடுவே விட வேண்டும். நனைந்த விரிப்பு எவ்வளவு கனக்கும் என்பது நாள் முழுக்கத் தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். வாரக் கடைசி வந்தால், பாட்டுக்கு அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிட்டார். அதைத் தோளில் மாட்டும்போதெல்லாம் தோள்பட்டை, "மறுபடியும் நீயா?" என்று கேட்கும்.

குழுவில் நாலே பேர். அண்ணன் கீபோர்டு. பகலில் டிரைவிங் ஸ்கூலில் அடுத்தவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பான். அண்ணி பாட்டு. டிரம்ஸ் அடிப்பவன் டயர் கடையில் வேலை செய்பவன். அவனை டமாரம் என்று கூப்பிடுவார்கள். டிரம்ஸ் அடிப்பதால் மட்டும் வந்த பெயரில்லை. அவன் காதில் ஒன்று விழுந்தால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பிறந்தநாள் விருந்து, கம்பெனி விருந்து, யாராவது வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அதற்கொரு விருந்து என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவார்கள். சனிக்கிழமை மாலைகளில் கார் நிறுத்துமிடத்துக்கு மேலே இருக்கும் கிளப் ஹால்தான் அவர்களுக்கு நிரந்தரம்.

பேஸை உட்கார்ந்து ரசிக்கிறவர்கள் குறைவு. ஆனால் அது இருந்தால்தான் ஆடுகிறவர்களுக்குக் கால் வரும். யாரும் திரும்பிப் பார்க்காத அந்த மூலை பாப்பாவுக்குப் பிடித்திருந்தது. வாரம் முழுக்க முதுகு வளைந்தவளுக்கு, நிமிர்ந்து நின்று நாலு கம்பிகளைத் தட்டினால் போதும் என்பதே பெரிய விஷயம்.

அந்தச் சத்தம்தான் திடீரென்று கெட்டுப்போனது.

"பாப்பா, என்ன அது? எரும சேத்துல நடக்குற மாதிரி இருக்கு" என்றான் அண்ணன், ஒரு சனிக்கிழமை இடைவேளையில். டமாரம் விழுந்து விழுந்து சிரித்தான். பாப்பாவும் சிரித்தாள். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. எந்தச் சுரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து, அதிகமாக வெந்த சோறு மாதிரி கொழகொழவென்று வந்தது.

அடுத்த வாரமும் அதே கதை. இந்தத் தடவை அண்ணன் சிரிக்கவில்லை. அதற்கடுத்த வாரம் ஹால் மேனேஜர் வந்து, "என்ன சார், ஒண்ணுமே தெளிவா கேக்கலயே" என்றதும், அண்ணன் அவள் பக்கம் கையைக் காட்டினான்.

"தங்கச்சியோட ஸ்பீக்கர் பெட்டில ஏதோ கோளாறு சார். பாத்துட்டுதான் இருக்கோம்."

வண்டியில் ஏறும்போது அவளிடம் தனியாகச் சொன்னான். "இப்படியே போச்சுன்னா பேஸையும் கீபோர்டுலயே நான் இடது கையால வாசிச்சுக்கறேன் பாப்பா. நீ பேசாம வீட்ல ரெஸ்ட் எடு. வாரம் பூரா ஒழைக்கற, பாவம்."

ரெஸ்ட் எடு என்று யாராவது ஒருத்தர் சொல்ல மாட்டார்களா என்று அவள் ஏங்கிய நாட்கள் உண்டு. அண்ணன் சொன்னபோது அது பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தாள். இரண்டு பெரிய ஸ்பீக்கரும், கிரீச்சென்று ஒலிக்கிற சின்ன ட்வீட்டர் ஒன்றும் வைத்த கறுப்புப் பெட்டி அது. முதலில் ஆம்ப்ளிஃபயரில் பேஸ் குமிழைத் திருகிக் குறைத்து, நடுச் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். கொஞ்சம் தேவலை. மேடை மூலையில் சுவரோடு ஒட்டிக் கிடந்த பெட்டியை முன்னால் இழுத்துப் போட்டாள். இன்னும் கொஞ்சம் தேவலை. மேடைப் பலகைக்கு அடியில் வெறும் வெற்றிடம். அதுவே ஒரு முரசு மாதிரி உறுமுகிறது என்று டமாரம் சொன்னதால் பெட்டியைத் தூக்கி ஒரு நாற்காலி மேல் வைத்தாள். கம்பி மாற்றினாள், கேபிள் மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் தனியாகத் தட்டும்போது சரியானது போலத் தோன்றும். பாட்டு தொடங்கினால் பழைய குருடிதான்.

பிறகுதான் அந்தப் பயம் வந்தது. ஒருவேளை பெட்டி நன்றாகத்தான் இருக்கிறதோ? சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்குள் இத்தனை வருஷம் நின்றதில் தன் காதுதான் போய்விட்டதோ?

யாரிடமும் சொல்லாமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில், வேலை உடுப்போடு மாடியேறிக் காது பரிசோதனைப் பிரிவுக்குப் போனாள். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்காத இடத்திலும் கேட்டுவிட்டால் தேவலையே என்று நினைத்துக்கொண்டே அழுத்தினாள். வெளியே வந்தபோது பரிசோதனை செய்த பெண் காகிதத்தைப் பார்த்தபடி, "மெஷின் பக்கத்துல நிக்கும்போது காதுக்குப் பஞ்சாவது வையுங்கம்மா. மத்தபடி நல்லாத்தான் இருக்கு" என்றாள். பாப்பாவுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது. நிம்மதியா, அசதியா என்று அவளுக்கே தெரியவில்லை.

காது நன்றாக இருக்கிறதென்றால் மிச்சம் பெட்டிதான். ஞாயிற்றுக்கிழமை அதைக் கூடத்தில் குப்புறப் போட்டுத் திருகுகளைக் கழற்ற உட்கார்ந்தாள். டவுன் பஸ் ஓட்டும் அவள் கணவன், அன்று ஒருநாள்தான் லீவு என்று கால் நீட்டிப் படுத்திருந்தவன், எழுந்து வந்து டார்ச் பிடித்தான்.

"உள்ள யாராவது குடித்தனம் இருக்காங்களான்னு மொதல்ல கதவத் தட்டிக் கேளு" என்றான்.

"வாய மூடிட்டு வெளிச்சத்த இந்தப் பக்கம் காட்டுங்க."

பின்பலகை கழன்று வந்ததும் இரண்டு பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். உள்சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு மெத்தை பசை விட்டு உரிந்து, கிழட்டு நாக்கு மாதிரி தொங்கி, கீழ் ஸ்பீக்கரின் முதுகில் சாய்ந்து கிடந்தது. ட்வீட்டருக்குப் போகும் வயர் பற்றவைத்த இடத்தில் விட்டுப்போயிருந்தது. மூலையில் கரப்பான்பூச்சி முட்டைகள்.

"சொன்னேன்ல? குடும்பத்தோடதான் இருந்திருக்காங்க" என்றான் கணவன்.

பாப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. ட்வீட்டர் செத்தால் மேல் சத்தம் வராது. மேல் சத்தம் இல்லாவிட்டால் கம்பியில் விரல் படுகிற 'டக்' கேட்காது. அது கேட்காவிட்டால் வெறும் உறுமல்தான் மிஞ்சும். காரணம் கைக்கு அகப்பட்டுவிட்டது. பஞ்சைப் பசை தடவி ஒட்டி, மேலே மரச்சட்டம் வைத்து அடித்தாள். குழுவில் கேபிள் அறுந்தால் பற்றவைப்பது எப்போதும் அவள்தான் என்பதால் வயரை இணைப்பது பெரிய வேலையாக இல்லை. தளர்ந்திருந்த ஸ்பீக்கர் திருகுகளையெல்லாம் இறுக்கினாள். சாயங்காலம் பெட்டியை நிமிர்த்திக் கிட்டாரைச் செருகித் தட்டினாள்.

ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, கல்லில் காசு விழுந்தாற்போல வந்தது. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லாத மேல் வீட்டுக்காரர் முதல் முறையாகத் தரையைத் தட்டினார்.

"அவருக்கும் தெளிவா கேக்குதாம்" என்றான் கணவன்.

அடுத்த சனிக்கிழமை அவள் சீக்கிரமே கிளப் ஹாலுக்குப் போனாள். டமாரம் ஏற்கெனவே வந்து டிரம்ஸைப் பொருத்திக்கொண்டிருந்தான். அவனை ஹாலின் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டு வாசித்துக் காட்டினாள்.

"அக்கா, சூப்பர்! புதுப் பெட்டியா?" என்று அங்கிருந்தே கத்தினான். பிறகு அவனும் வந்து டிரம்ஸில் உட்கார்ந்தான். இரண்டு பேருமாக வாசித்தபோதும் தெளிவு குறையவில்லை. மேஜை விரிப்புகளைப் போட்டுக்கொண்டிருந்த பணியாளர் ஒருவர் தலையாட்டிக்கொண்டே வேலை செய்தார். பாப்பாவுக்கு முழங்கால் வலிகூட மறந்துவிட்டது.

அண்ணனும் அண்ணியும் தாமதமாக வந்தார்கள். அண்ணன் கீபோர்டை விரித்துப் போட்டு உட்கார்ந்தான். முதல் பாட்டை எடுத்தார்கள்.

எருமை மறுபடியும் சேற்றில் இறங்கியது.

பாப்பா வாசிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் மெல்லத் திரும்பி அண்ணனின் கைகளைப் பார்த்தாள். இத்தனை வாரம் பெட்டியையும் விரல்களையும் காதையும் சந்தேகப்பட்டவள், அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அண்ணனின் இடது கை கீபோர்டின் கடைக்கோடியில், எல்லாவற்றையும்விடக் கனமான சுரங்கள் இருக்கும் இடத்தில், கட்டை விரலும் சுண்டுவிரலும் அகல விரிந்து அழுந்திக் கிடந்தது. அவளுடைய பேஸ் இருக்க வேண்டிய அதே இடத்தில் அவனும் முழுக் கையோடு நின்றான். முன்பெல்லாம் அந்தக் கை நடுவில் லேசாக விழுந்து எழும். இரண்டு பேர் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழைந்தால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே நடந்துகொண்டிருந்தது.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கப் போனபோது அவனுடைய வலது கையைப் பார்த்தாள்.

மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கி இருந்தன. மற்ற மூன்று விரல்களும் அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்ய ஓடிக்கொண்டிருந்தன. பாட்டின் வேகமான திருப்பம் வந்தபோது அவை தடுக்கின. அந்தக் கணத்தில் இடது கை இன்னும் பலமாக அழுந்தியது; தடுக்கலை அந்த உறுமல் விழுங்கிவிட்டது.

பாப்பா தன் ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தை யாருக்கும் தெரியாமல் பாதியாகக் குறைத்தாள். அந்த மாலை முழுக்கத் தன் காதுக்கே எட்டாத அளவில் வாசித்தாள். இடைவேளையில் அண்ணன், "இப்பக் கொஞ்சம் பரவால்ல. பெட்டியப் பாத்தியா?" என்று கேட்டான்.

"பாத்தேன்" என்றாள்.

"என்னக்கா, தனியா அவ்ளோ நல்லா இருந்துச்சு..." என்று ஆரம்பித்த டமாரத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாய்க்குள் விஷயம் போனால் அவ்வளவுதான்.

மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் கார் கற்றுக்கொடுக்கப் போயிருந்தான். அண்ணி அவனுடைய சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு, பொத்தான்களை வெட்டி எடுத்துவிட்டு அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பொத்தான்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் பாப்பாவுக்குக் கேட்க வேண்டியதில் பாதி தேவைப்படவில்லை.

"எத்தன நாளா அண்ணி?"

அண்ணி ஊசியை நிறுத்தினாள். "எதக் கேக்கற?"

"அண்ணனோட கைய."

மடியிலிருந்த சட்டையை ஒதுக்கி வைத்தாள். "மரத்துப் போகுதுன்னு சொல்லிட்டே இருந்தார். அப்பறம் அந்த ரெண்டு விரலும் சொன்ன பேச்சு கேக்கல. டாக்டர்ட்ட போனோம். நாளெல்லாம் கார்ல ரெண்டு சீட்டுக்கு நடுவுல வலது முழங்கைய ஊனிட்டே உக்காந்திருக்கார்ல, அங்க நரம்பு நசுங்கிப் போச்சாம். ஆபரேஷன் பண்ணி சரி பண்ணிடலாம், ஆனா சீக்கிரம் பண்ணணும்னார். இவர் அந்தப் பக்கமே தல வெச்சுப் படுக்கல."

"என் பெட்டியக் குத்தம் சொன்னப்ப நீங்க பக்கத்துலதான அண்ணி நின்னீங்க?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "நின்னேன்" என்றாள். "பாடறவளுக்குத் தெரியாதா, எந்தப் பக்கத்துலேருந்து கலங்குதுன்னு? வீட்டுக்கு வந்து கேட்டேன் பாப்பா. ஒரு வாரம் என்கூடப் பேசல. அப்பறம் எனக்குத் தெம்பு இல்ல."

பாப்பாவுக்கும் அதற்கு மேல் சண்டை போடத் தெம்பில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் வந்துவிட்டான்.

தங்கையையும் மனைவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன, ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"பெட்டி சரியாயிடுச்சு அண்ணா."

"எங்க சரியாச்சு? நேத்து மொதப் பாட்டுலயும் கொழகொழன்னுதான் இருந்துச்சு."

"உன் இடது கைய மேல எடுத்தா சரியாயிடும்."

அண்ணன் சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்தான். வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். "உனக்கு வாசிக்க வரலன்னா வரலன்னு சொல்லு. வேலைக் களைப்பு, தூக்கமில்ல, எனக்குப் புரியும். என் கை மேல பழி போடாத."

"காது டாக்டர்ட்ட போனேன்" என்றாள் பாப்பா. குரலை உயர்த்தவில்லை, உயர்த்த முடியவில்லை. "உன் பேச்சக் கேட்டு, என் காது செவிடாயிடுச்சுன்னு நெனச்சு, யூனிஃபார்மோட போய் அந்தக் கண்ணாடி ரூம்ல உக்காந்தேன். சோறு தின்ற நேரத்துல. உனக்குத் தெரியும்ல அண்ணா, கோளாறு என்கிட்ட இல்லன்னு?"

அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தெரியும்."

பிறகு பைக்குள்ளிருந்து கையை எடுத்து மேஜை மேல் வைத்தான். அந்த இரண்டு விரல்களும் தாமாகவே சுருண்டன. "இடது கைய எடுத்துட்டா எல்லாம் தெளிவா கேக்கும். மொதல்ல என்ன கேக்கும்? இதுதான் கேக்கும். ஆபரேஷன் பண்ணி அதுக்கப்பறமும் வரலன்னா? இப்பவாவது யாருக்கும் தெரியாம ஓடிட்டு இருக்கு."

பாப்பா அவன் கையைப் பார்த்தாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிப் பள்ளமாக இருந்தது. அவனிடம் ஒரு 'மன்னிச்சுக்கோ' வரும் என்று நின்றாள். வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் இடம் கிடைத்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டித் தூங்கிப் போனாள்.

அந்த வாரம் அவள் அண்ணனுக்குப் போன் செய்யவில்லை, அவனும் செய்யவில்லை. சனிக்கிழமை போகலாமா வேண்டாமா என்று கணவனிடம் கேட்டபோது, "நீ போகலன்னா மச்சான் ஜெயிச்சிட்டாருன்னு ஆயிடும். போனா உனக்கு முதுகு வலி. எது தேவலன்னு நீயே பாத்துக்க" என்றான். அவள் போனாள்.

அன்று ஒரு கம்பெனி விருந்து. ஹால் நிறையக் கூட்டம். முதல் பாட்டு தொடங்கும்போது பாப்பா தன் சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருந்தாள். இரண்டாவது வரியில் சட்டென்று ஏதோ காலியானது. திரும்பிப் பார்த்தாள். அண்ணன் இடது கையை நடுவுக்குக் கொண்டுபோயிருந்தான். அவள் பக்கம் பார்க்காமலே, தாடையால் ஆம்ப்ளிஃபயரைக் காட்டினான். அவள் கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினாள்.

பேஸ் பளிச்சென்று எழுந்தது. அண்ணியின் குரல் எவ்வளவு நல்ல குரல் என்பதே அன்றுதான் மறுபடி தெரிந்தது. அண்ணன் பயந்ததும் நடந்தது. வேகமான திருப்பத்தில் மூன்று விரல்கள் தடுக்கின. ஹால் முழுக்கக் கேட்டது. முன் மேஜையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அடுத்த பாட்டிலும் ஒரு இடம் விட்டுப்போனது. அண்ணனின் கழுத்து வியர்த்து நனைந்துவிட்டது. மூன்றாவது பாட்டில் அதே மாதிரி ஒரு திருப்பம் வருவது பாப்பாவுக்குத் தெரியும். அது வந்தபோது, அவள் கையைக் கிட்டாரின் மேல்கோடிக்கு நகர்த்தி, கீபோர்டு வாசிக்க வேண்டிய அந்த மெட்டைப் பேஸிலேயே வாசித்தாள். அழகாக ஒன்றும் வரவில்லை. நடுவில் ஒரு சுரம் பிசகியது. ஆனாலும் பள்ளம் நிரம்பியது. ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள்.

விருந்து முடிந்து வயர்களைச் சுருட்டும்போது டமாரம் அண்ணனிடம் போய், "அண்ணே, கைக்கு என்னாச்சு?" என்று நேராகவே கேட்டான். அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டு முழங்கையைக் காட்டினான். திங்கட்கிழமை மதியத்துக்குள் டயர் கடை, டிரைவிங் ஸ்கூல், கிளப் எல்லா இடத்துக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்றான பிறகு அண்ணன் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டான்.

அவன் கட்டோடு வீட்டில் இருந்த வாரங்களில் மூன்று பேருமாகச் சமாளித்தார்கள். சில இடங்களில், "கீபோர்டு இல்லையா, அப்ப வேண்டாம்" என்றார்கள். சில இடங்களில் வரச் சொன்னார்கள். பாப்பா பகலில் விரிப்புகளையும் சாயங்காலத்தில் பயிற்சியையும் இழுத்துக்கொண்டு திரிந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. முன்னே, ஆபரேஷன் முடிந்த அன்று, தான் வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்க்கப் போனபோது அவன் விரிப்பைத் தடவிக்காட்டி, "இது நீ தேச்சதா?" என்று கேட்டான். "யார் தேச்சதோ. அதுல என் பேரா எழுதியிருக்கு?" என்றாள்.

மோதிர விரல் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. சுண்டுவிரல் பாதிதான் வந்தது. டாக்டர், நரம்பு வளர நாளாகும் என்றார். முழுசாக வரும் என்று சொல்லவில்லை. அண்ணன் வீட்டிலேயே உட்கார்ந்து மெதுவான பாட்டுகளாக வாசித்துப் பார்க்கிறான் என்று அண்ணி சொன்னாள். வேகமானவை வந்தால் எழுந்து போய்விடுகிறானாம்.

ஒரு வேலை நாள் மதியம், சலவைப் பிரிவின் பின்கட்டில், காலியான துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து பாப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அண்ணன்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டுட்டு இருக்கேன். சொல்லு."

அந்தப் பக்கம் கீபோர்டில் ஏதோ மெட்டு மெதுவாக வந்து, பாதியில் நின்றது. மறுபடி தொடங்கி, அதே இடத்தில் நின்றது.

"சனிக்கெழம நானும் வரேன்" என்றான் அண்ணன். "இந்த எடம் மட்டும் எனக்கு வரல. சுண்டுவிரல் ஏற மாட்டேங்குது. நீ எடுத்துக்கறியா?"

பாப்பா வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். உள்ளே மேற்பார்வையாளர் அடுத்த சுமை வந்துவிட்டதென்று கையசைத்தார்.

"எடுத்துக்கறேன்."

"சத்தமாவே எடு."

"சரிண்ணா, வெக்கறேன். வேல வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.